ஹாலோவீன் என்பது ஒரு பின்னேரம்

அப்பன்,

இதை நீ வாசிக்க மாட்டாய், மகனே. தமிழ் எழுத்துத் தெரிந்தும் வாசிக்காமல் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நீ அந்த வகை இல்லை. உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். போனமுறை நான் சிட்னிக்கு வந்தபோது, போனில் படம் எடுத்தால் அது எந்த மொழியையும் மாற்றித் தரும் என்று பெருமை அடித்தாய். சோதித்துப் பார்ப்போம் என்று ஹரிஸ் பார்க் ஜிலேபிக் கடையில் ஒரு துண்டுக் கடதாசி வாங்கி, "குரங்கே, இப்போதாவது தமிழ் படி" என்று எழுதி நீட்டினேன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்த உன் போன், "அன்புள்ள குரங்கு, தமிழ் விற்பனைக்கு உண்டு" என்றது. இரண்டு பேரும் கடைக்காரன் முறைக்கும்வரை சிரித்தோம். நீ எதற்குச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியும். நான் எதற்குச் சிரித்தேன் என்று உனக்குத் தெரியாது. நம் வீட்டுக் கதையே அதுதான்.

ஆங்கிலத்தில்தான் முதலில் எழுதத் தொடங்கினேன். இடையில் சோறு வடிக்க எழும்பியவன், அரிதட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று யோசிக்கத் தொடங்கி ஒரு காலையைத் தொலைத்தேன். கடிதத்துக்கு அரிதட்டு தேவையே இல்லை. ஆனாலும் அந்தச் சொல் வராமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஆகவே தமிழில் எழுதி, தபாலில் போடாமல் இந்தச் சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். உனக்கு எழுதிய கடிதத்தை உன்னைத் தவிர மெல்பேர்ன் முழுக்க வாசிக்கும். பள்ளிக்கூடத்தில் அதிபரின் கதிரைக்குக் கீழே தவளை விட்ட நாளுக்குப் பிறகு நான் செய்யும் நல்ல பகிடி இதுதான். வயது அறுபது தாண்டியும் உன் அப்பா பதினாறிலேயே நின்றுபோனவன் என்று உன் அம்மா சாகும்வரை சொன்னா. பிழையில்லை. இனி அதற்கும் கீழே இறங்கப் போகிறேன்.

மறதி டொக்டரிடம் போன அன்று நீ பக்கத்தில் இருந்தாய். ஒரு நிமிசத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் வருமோ சொல்லுங்கள் என்றா அவ. நாய், பூனை, மாடு, குதிரை, கங்காரு. ஆங்கிலத்தில் அதோடு கேற்றைப் பூட்டிவிட்டார்கள். நான் விடவில்லை. உடும்பு, கீரி, மரநாய், முள்ளம்பன்றி, பெருச்சாளி என்று வரிசையில் வந்தன. "இங்கிலிஷில் சொல்லுங்கோ" என்றா. "அதுகளுக்கு இன்னும் விசா கிடைக்கேல்லை, டொக்டர்" என்றேன். "அப்பா, பிளீஸ்" என்றாய் நீ. டொக்டர் சிரித்தா, சிரித்தபடியே எதையோ எழுதினா. நீ கார் எடுக்கப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னா: பிந்திப் படித்த மொழி பல பேருக்கு முந்திப் போய்விடும், சின்ன வயதில் பேசியது கடைசிவரை நிற்கும். உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. காரில் ஏறி, "டொக்டருக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு" என்றேன்.

அப்பன், யோசித்துப் பார். என்னிடம் மிஞ்சப் போகிறது தமிழ். உன்னிடம் இருப்பது ஆங்கிலம். நீயும் நானும் ஒரே அறையில், நடுவில் ஒரு சொல்லும் இல்லாமல் இருக்கப் போகிறோம். அம்மா இருந்திருந்தால் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று பேச்சைக் காவிக் கொடுத்திருப்பா. அவவும் இல்லை. இதற்கு மருந்து இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பந்தியில் ஏதோ நல்ல செய்தி வரும் என்று காத்திருக்காதே. இப்படி ஒன்று நடப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன். நம் பக்கத்து வீட்டு மோரக் அன்ரிக்கு.

உனக்கு அப்போது ஏழு வயது. ஒக்ரோபர் கடைசி நாள், ஹாலோவீன். உன் வகுப்புப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் லொலி இனிப்பு வாங்குகிறார்கள், நானும் போகவேண்டும் என்று நின்றாய். அது என்ன கண்டறியாத ஹாலோவீன் என்றா அம்மா. "போகேக்கை எல்லா வீட்டிலையும் ஹலோ, வரேக்கை பல்லெல்லாம் வீண். ஹலோ-வீண்" என்று விளக்கம் கொடுத்தேன். அம்மா சிரிக்கவில்லை. என் வேட்டியில் இரண்டு ஓட்டை வெட்டி உன்னைப் பேயாக்கியபோது இன்னும் மோசம். "பிள்ளைக்கு வெள்ளை போர்த்து அனுப்புற அப்பனை நான் எங்கையும் காணேல்லை" என்று குசினிக்குள் போய்ச் சட்டியை உருட்டினா. இங்கே அது வசந்தகாலம்; பின்னேரம் ஆறு மணிக்கும் வெயில் சுள்ளென்று அடிக்கும். பேய்க்கு சன்ஸ்கிரீன் பூசி அனுப்பிய குடும்பம் நாங்கள்.

தெருவுக்கு ஒரு சட்டம் இருந்தது. வாசலில் பூசணிக்காய் வைத்த வீட்டைத் தட்டலாம், வைக்காத வீட்டைத் தட்டக்கூடாது. மோரக் அன்ரியின் வாசலில் பூசணிக்காய் இல்லை. நோக்கோலுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு டர்னிப் கிழங்கை ஸ்பிரிங்வேல் சந்தையில் வாங்கி, கரண்டி வளையும்வரை குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தா. ஸ்கொட்லாந்தில் அவவின் ஊரில் பூசணிக்காய் கிடையாதாம், டர்னிப்தானாம். இது கணக்கில் சேருமா சேராதா என்று பிள்ளைகள் நீங்கள் கேற்றடியில் நின்று ஒரு மாநாடு நடத்திவிட்டுத்தான் தட்டினீர்கள். மோரக் அன்ரி கதவைத் திறந்தா. லொலிக் கிண்ணம் கையில். ஆனால் கொடுக்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, நாடியை மேலே தூக்கி, "சும்மா தரமாட்டன். என்ன செய்து காட்டப் போறியள்?" என்று கேட்டா.

அவவின் ஊர்ப் பழக்கம் அது. வேஷம் போட்டு வருகிற பிள்ளை வாசலில் நின்று ஒரு பாட்டோ, பகிடியோ, குட்டிக்கரணமோ ஏதாவது செய்து காட்டவேண்டும். பிறகு வீட்டுக்காரர் முகமூடிக்குள் இருப்பது யார் என்று கண்டுபிடிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இனிப்பு. அடுத்த வீட்டில் ஒன்றும் செய்யாமலே வாரிக் கொடுக்கிறார்களே என்று மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். உன் வேட்டியின் ஓட்டைகள் இரண்டும் காதுப் பக்கம் போயிருந்தன, அதனால் அவர்கள் போனது உனக்குத் தெரியாது. கேற்றடியில் நான் மட்டும் நின்றேன். கூட்டம் பின்னால் நிற்கிறது என்று நினைத்துத் துணிவாகத் தொடங்கினாய். நீ மரக்கறி தின்ன மறுத்த நாட்களில் குசினியில் நின்று நான் கட்டிவிட்ட பாட்டு:

கத்தரிக்காய்க்குக் காய்ச்சல்,
வெண்டிக்காய்க்கு விக்கல்,
பூசணிக்காய் டொக்டர் வந்தார்,
புடலங்காயால் ஊசி!

"ஊசி" என்னும்போது வேட்டிக்குள் இருந்து ஒரு விரல் வெளியே வந்து மோரக் அன்ரியின் கையில் குத்தியது. அவ "ஆ!" என்று துள்ளினா. பிறகு பேயைச் சுற்றி ஒருதரம் நடந்து, "இது ஆர்? பால்காரனோ? நகர மேயரோ?" என்று கேட்டுக் கேட்டு, வேட்டியைத் தூக்கிப் பார்த்து, "அட, பக்கத்து வீட்டுப் பொடியன்!" என்று நெஞ்சில் கை வைத்தா. நீ சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டுக் குசினிவரை கேட்டது. ஹைஸ்கூல் போகும்வரை வருடாவருடம் அதே பாட்டு, அதே விரல், அதே "ஆ". மற்ற நாட்களில் நீ அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். நானும் ஆங்கிலத்துக்குத் தாவினேன், பகிடி விட்டால் நீ சிரிப்பது அதில்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிரிக்கெட்டிடம் தோற்றது. அந்த ஒரு வாசலில் மட்டும், வருடத்தில் ஒரு பின்னேரம், உன் வாயில் தமிழ் இருந்தது.

ஒருநாள் வேலிக்கு மேலால் அவவைச் சீண்டினேன். "அமெரிக்காக்காரன்ரை கூத்தை ஏன் அன்ரி இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டாடுறியள்?" அவவுக்கு வந்ததே கோபம். அந்தச் சொல்லே எங்களுடையது என்றா. நவம்பர் முதலாம் திகதி எல்லாப் புனிதர்களுக்கும் திருநாள். 'ஹாலோ' என்றால் பழைய பேச்சில் புனிதர். அதற்கு முதல்நாள் பின்னேரம் 'ஈவன்'. அந்த 'ஈவனை' ஆங்கிலேயர் 'ஈவ்' என்று வெட்டினார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் நடுவில் இருந்த எழுத்தை விழுங்கி 'ஈன்' ஆக்கினார்கள். ஹாலோவீன் என்றால் வேறு ஒன்றுமில்லை, புனிதர்களின் பின்னேரம். அந்த 'ஈன்' கப்பல் ஏறி அமெரிக்கா போய், பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கியிருக்கிறது. "போய்விட்டு வருகிறேன் எண்டதை விழுங்கி விழுங்கி, 'போட்டு வாறன்' ஆக்கின ஆக்கள் நாங்கள். நீங்கள் எங்களுக்குச் சொந்தக்காரர் போல" என்றேன். அதற்குத்தான் சிரித்தா. பிறகு சொன்னா: பள்ளிக்கூடத்தில் அந்த ஸ்கொட்லாந்துப் பேச்சுக்கு உள்ளங்கையில் தோல்வாரால் அடி விழும். இங்கே வந்து ரேடியோ மாதிரி ஆங்கிலம் பேசப் பழகி, மகள் ஷோனாவை அதிலேயே வளர்த்தாவாம். ஹாலோவீனும் ஷோனாவின் சின்ன வயதில் இந்தத் தெருவில் இல்லை. அயலவர் விசர் என்று நினைப்பார்கள் என்று டர்னிப்பை எடுக்கவே இல்லையாம். "எங்கடை பேச்சிலை இந்த ஒரு சொல்லைத்தான் உலகம் எடுத்தது. எடுத்த ஒருத்தருக்கும் அது எங்கடை எண்டு தெரியாது" என்றா. எனக்கு உன் நினைவு வந்தது. உன் சிநேகிதனின் படகைக் காட்டி 'கட்டமரான்' என்று வாய் நிறையச் சொல்வாயே. அது கட்டுமரம் என்று நான் சொன்னபோது, "குட் ஒன், அப்பா" என்றாய். அதையும் பகிடி என்று நினைத்தாய்.

நீ சிட்னிக்குப் போனதற்குப் பிறகு மோரக் அன்ரி குசினியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டா. பிறகு மறதி. ஷோனா அவவை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டா. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் வரும் வழியில் நான் எட்டிப் பார்ப்பேன். முதலில் ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ரேடியோ நின்றுபோய், உள்ளே இருந்து அந்தப் பழைய பேச்சு மேலே வந்தது. தாதிமார் உளறல் என்றார்கள். ஷோனாவும் அப்படித்தான் நினைத்தா. வாயிலிருந்து வந்தது ஒரு முழு மொழி என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் நான் போனபோது ஷோனா அறைக்கு வெளியே நடை ஓடையில் நின்று அழுதுகொண்டிருந்தா. ஐம்பது வயதுப் பெண், கையில் கார்ச் சாவி. "அம்மா ஒருத்தரையும் அறைக்குள் விடுறா இல்லை. கதவைப் பிடிச்சுக்கொண்டு ஏதோ கேட்கிறா. நான் ஷோனா, நான் ஷோனா எண்டு சொல்றன். கதவைச் சாத்துறா." நான் தட்டினேன். மோரக் அன்ரி திறந்தா. மெலிந்துபோன முகம். நாடி மேலே போனது. ஏதோ கேட்டா. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த நாடியை எனக்குத் தெரியும்.

நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதப் பை, அந்த ஓடையில் நின்று கத்தரிக்காய்க்குக் காய்ச்சல் என்று தொடங்கினேன். சாப்பாட்டுத் தள்ளுவண்டியோடு வந்த பெண் நின்றுவிட்டா. வெண்டிக்காய்க்கு விக்கல். பூசணிக்காய் டொக்டர் வந்தார். அடுத்த வரிக்கு நான் வாய் திறக்கமுன் மோரக் அன்ரியின் விரல் நீண்டு வந்து என் கையில் குத்தியது. "ஊசி!" என்றா. அப்பன், சத்தியமாகச் சொல்கிறேன், ஊசி என்றா. பெற்ற மகளின் பெயர் போய்விட்டது, அந்தச் சொல் இருந்தது. பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, 'வெள்ளைப் பேய்' என்பது மாதிரி ஏதோ சொல்லி, மேசையில் இருந்த பிஸ்கற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தா.

"அது என்ன மொழி?" என்று கேட்டா ஷோனா.

"தமிழ்."

"அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஒரு சொல் தெரியும். என்ரை மகன் குடுத்தது."

"எனக்கு அம்மாவின்ரை மொழியில் ஒரு சொல்லும் தெரியாது" என்றா. நான் வழக்கம் போல வாயை விட்டேன். "ஏன், ஹாலோவீன் தெரியுமே." அவ சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது அமெரிக்கன் எல்லோ?" என்றா.

வாசலில் நின்று ஏதாவது பாடிக் காட்டு, அதுதான் உன் அம்மா கேட்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்தமுறை கார்ப் பார்க்கில் கண்டபோது நடந்ததைச் சொன்னா. சின்ன வயதில் தாயோடு பாடிய பாட்டு என்று ஒன்றும் நினைவில் வராமல், பிறந்தநாள் பாட்டைப் பாடினாவாம். மோரக் அன்ரி கதவைச் சாத்தவில்லை. முழுக்கக் கேட்டா. கை தட்டினா. சுற்றி நடந்து பார்த்தா. பிறகு ஒரு பிஸ்கற்றை ஷோனாவின் கையில் வைத்து ஏதோ சொன்னா. அந்த இல்லத்தில் தற்செயலாக வேலைக்கு வந்திருந்த ஒரு ஸ்கொட்லாந்துத் தாதி அதை மொழிபெயர்த்தாவாம்: "வடிவாய்ப் பாடினாய், பிள்ளை. நீ ஆர் பெத்த பிள்ளை?"

அந்தக் குளிர்காலத்தில் மோரக் அன்ரி போய்விட்டா. செத்தவீட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். பூசணிக்காய் டொக்டரை என்னோடு சேர்த்து நினைவில் வைத்திருந்த ஒரே சீவன் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. போன கிழமை போனில் பேச்சோடு பேச்சாக உன்னிடம் கேட்டேன். "பூசணிக்காய் டொக்டரை ஞாபகம் இருக்கா, அப்பன்?" "இஸ் ஹி யுவர் நியூ ஸ்பெஷலிஸ்ட், அப்பா?" என்று கேட்டாய். அக்கறையாகத்தான் கேட்டாய். ஓம் என்றேன். "குட் பெலோ?" என்றாய். "வலு கெட்டிக்காரன்" என்றேன். போனை வைத்த பிறகு சிரித்துப் பார்த்தேன். முதல்தரமாக என் பகிடி எனக்கே பிடிபடவில்லை.

உனக்கு இனித் தமிழ் படி என்று நான் சொல்லப்போவதில்லை. வேலை, வீட்டுக் கடன், பரமற்றா ரயில். முப்பத்தைந்து வயதில் அ, ஆ எழுதப் பழகினாலும் நான் போகிற வேகத்துக்கு நீ வந்து சேரமாட்டாய். எனக்கு எல்லாம் கழன்ற பிறகு நீ பார்க்க வந்தால், ஷோனா மாதிரி 'நான்தான், நான்தான்' என்று மட்டும் சொல்லாதே. முகமூடி இல்லாமல்தான் வருவாய், ஆனால் எனக்கு அது முகமூடியாகத்தான் தெரியும். நான் ஏதாவது கேட்டால் அது கேள்வி என்றுகூட உனக்கு விளங்காது. நாடி மேலே போகிறதா என்று பார். போனால், ஒரு விரலை நீட்டி என் கையில் குத்து. ஊசி என்று சொல்லு. பாட்டு வேண்டாம். நான் துள்ளினால், உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆர் பெத்த பிள்ளையோ, நல்ல பகிடிக்காரப் பொடியன் என்று நினைத்திருப்பேன். எனக்கு உன்னிடம் அவ்வளவுதான் மிஞ்சும், உனக்கு என்னிடமும்.

துள்ளாவிட்டால் இன்னொருதரம் குத்தாதே. வாசலில் பூசணிக்காய் இல்லாத வீட்டைத் தட்டக்கூடாது என்ற சட்டம் ஏழு வயதிலேயே உனக்குத் தெரியும். மேசையில் பிஸ்கற் இருக்கும். அதை நீயே எடுத்துக்கொண்டு, வெளியில் வெயில் இருக்கும்போதே போட்டு வா, அப்பன்.